குவாசூலு-நட்டால் தமிழ்ச் சங்கங்களுக்கும் கோயில் நிர்வாகக் குழுக்களுக்கும் அமைதிக் கல்விப் பட்டதாரிகள் எழுதும் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெரியோர்களே,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், மோதல்களின் காரணங்களையும் அவற்றைத் தணிக்கும் வழிகளையும் ஆராயும் அமைதிக் கல்வி பயின்று முதுகலைப் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்ற தமிழ்க் குடும்பத்தினர் சிலர் கூடி இம்மடலை எழுதுகிறோம். எங்களுள் பள்ளி ஆசிரியர்கள் இருக்கிறார்கள், சமூக நலப் பணியாளர்கள் இருக்கிறார்கள், காவல்துறைப் பணியை விட்டுப் படிக்க வந்தவரும் இருக்கிறார். உங்கள் அலுவலகங்களுக்கு ஆங்கிலத்தில் அனுப்பிய மடலின் விரிந்த வடிவம் இது. எங்கள் சங்கங்களின் செயல்பாடுகளை மொரிசியஸிலும் ரீயூனியனிலும் தமிழ்நாட்டிலும் இருந்து கவனித்துவரும் உறவினர்களும் படிக்கட்டும் என்று தமிழில் பொதுவில் வைக்கிறோம். அதனால் உங்களுக்கு நன்கு தெரிந்த சில வரலாற்றுச் செய்திகளையும் எடுத்துரைக்க நேர்ந்துள்ளது, பொறுத்தருள வேண்டுகிறோம்.

இம்மடலுக்கு உடனடிக் காரணம் ஒன்று உண்டு. எங்களுக்குப் பின் இந்தப் படிப்பில் சேர்ந்த மாணவி ஒருவர் கல்வி உதவித்தொகை கேட்டு ஓர் அமைப்புக்கு விண்ணப்பித்தார். மருத்துவம், சட்டம், கணக்கியல், பொறியியல் ஆகியவற்றுக்கே முன்னுரிமை என்றும், அமைதிக் கல்வியால் சமூகத்துக்கு நேரடிப் பயன் ஏதும் இல்லை என்றும் அவருக்கு மறுமொழி வந்தது. அந்த அமைப்பைக் குறைகூறுவது எங்கள் எண்ணமன்று. அதே கேள்வியை எங்கள் வீட்டுப் பெரியவர்களும் கேட்டார்கள். எங்கள் தாய்மார்கள் இன்னும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாங்கள்.

பிழைப்பைப் பற்றிய விடையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1995ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்துக்குப் பின் இந்நாட்டில் தொழில் தகராறுகளைப் பேசித் தீர்ப்பது தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. பள்ளிகளும் மாநகராட்சிகளும் அகதிகளுக்கு உதவும் நிறுவனங்களும் இத்தகைய பயிற்சி பெற்றவர்களை வேலைக்கு எடுக்கின்றன. சம்பளம் மருத்துவருக்கு இணையாக வராது என்பதை மறைக்கவில்லை. ஆனால் பயன் இல்லை என்ற சொல்லுக்கு விடை அத்தனை சுருக்கமாக அமையாது. அதற்கு நாங்கள் என்ன படித்தோம், அது எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நாங்கள் வளர்ந்த சூழலில் அமைதி என்றாலே காந்தியடிகள்தான். 1893இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் ரயிலிலிருந்து அவர் இறக்கிவிடப்பட்டது, 1904இல் ஃபீனிக்ஸ் குடியிருப்பை அமைத்தது, 1906இல் ஜோகன்னஸ்பர்க் எம்பயர் அரங்கில் கூடியோர் இந்தியருக்கு எதிரான சட்டத்துக்குப் பணியோம் என்று எடுத்த உறுதிமொழி என்று வரிசையாகச் சொல்லிக் கேட்டோம். அந்த வரிசையில் தமிழருக்கு உரிய இடத்தையும் நீங்கள்தான் எங்களுக்குக் கற்பித்தீர்கள். மொரிசியஸில் பிறந்து ஜோகன்னஸ்பர்க்கில் போராட்டத்தைத் தாங்கி நின்ற தம்பி நாயுடுவையும், சிறையில் நோயுற்று 1914 பிப்ரவரி 22 அன்று உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையையும், ஒப்பந்தம் முடிந்தும் இங்கே தங்கியவர்கள் ஆண்டுதோறும் கட்ட வேண்டியிருந்த மூன்று பவுன் வரிக்கு எதிராக 1913இல் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களிலும் கடலோரக் கரும்புத் தோட்டங்களிலும் வேலையை நிறுத்திய ஒப்பந்தத் தொழிலாளர்களையும் உங்கள் மேடைகளில்தான் அறிந்தோம். பல்கலைக்கழகத்திலும் இதையே விரிவாகப் படிக்கப்போகிறோம் என்று எண்ணித்தான் எங்களில் பலர் சேர்ந்தோம்.

வகுப்பு வேறு விதமாகத் தொடங்கியது. ஆப்பிரிக்கர் வாழும் இனாண்டா பகுதியிலிருந்து வந்த சக மாணவர் ஒருவர், காந்தியடிகள் தம் தொடக்க ஆண்டுகளில் ஆப்பிரிக்கரை இழிவாகக் குறிப்பிட்டு எழுதிய வரிகளை எடுத்து வந்து வாசித்தார். கானா பல்கலைக்கழக வளாகத்திலிருந்து 2018இல் அவருடைய சிலை அகற்றப்பட்டதையும் சொன்னார். எங்களுக்குச் சுருக்கென்றது. பேராசிரியர் எவர் பக்கமும் சாயவில்லை. மூல ஆவணங்களை மேசைமேல் வைத்து, காலவரிசைப்படி படிக்கச் சொன்னார். அப்படிப் படித்தபோதுதான் 1913ஆம் ஆண்டின் மறுபாதி எங்கள் கண்ணில் பட்டது. நம் முன்னோர் மூன்று பவுன் வரியை எதிர்த்து நடந்த அதே ஆண்டில்தான் ஆப்பிரிக்கரின் நில உரிமையை நாட்டின் மிகச் சிறிய பகுதிக்குள் ஒடுக்கிய நிலச்சட்டம் நிறைவேறியது. அதை எதிர்த்து 1914இல் லண்டன் வரை தூது சென்ற ஜான் துபே, ஃபீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில் ஓலாங்கே பள்ளியை நிறுவி நடத்திவந்தவர். அடுத்தடுத்த மேடுகளில், ஒரே காலத்தில், இரண்டு போராட்டங்கள். நம் மேடைகளில் ஒன்றின் பெயர்தான் கேட்கிறது.

இதனால் வள்ளியம்மையின் தியாகம் சிறுத்துவிடவில்லை. அவருடைய படத்தைக் கழற்றுங்கள் என்றும் நாங்கள் கேட்கவில்லை. பக்கத்துக் குன்றில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லாத வரலாறு பெருமைக்கு உதவும், அண்டை அயலாரோடு உட்கார்ந்து பேச உதவாது என்பதே அந்த வகுப்பில் நாங்கள் கண்டது.

நார்வே அறிஞர் யோஹான் கால்டுங் 1969இல் எழுதிய கட்டுரையொன்று இத்துறையில் பயில்வோர் அனைவருக்கும் அடிப்படைப் பாடம். அடி, வெட்டு, துப்பாக்கிச் சூடு இல்லாதிருப்பது மட்டும் அமைதியாகாது. சட்டமும் பொருளாதாரமும் குடியிருப்பும் சிலரைத் தொடர்ந்து தாழ்த்தி வைக்குமானால் அதுவும் வன்முறையே என்று அவர் வாதிட்டார். கட்டமைப்பு வன்முறை என்ற கருத்து அங்கிருந்து வருகிறது. காகிதத்தில் படித்தபோது இது வறண்ட கோட்பாடாகவே இருந்தது. இந்தியரும் ஆப்பிரிக்கரும் அருகருகே வாழ்ந்த டர்பனின் கேட்டோ மேனர் பகுதியைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதச் சொன்ன பிறகு அப்படி இல்லை.

1949 ஜனவரியில் டர்பன் நகரச் சந்தையருகே ஓர் இந்தியக் கடைக்காரருக்கும் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவனுக்கும் ஏற்பட்ட தகராறு கலவரமாகப் பரவியதையும், 142 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு சொன்னதையும் எங்கள் தாத்தா பாட்டி வழியாகக் கேட்டிருக்கிறோம். கேட்டதெல்லாம் ஒளிந்த கதை, எரிந்த கடையின் கதை. இறந்தவர்களில் பெரும்பான்மையினர் ஆப்பிரிக்கர், அவர்களுள் பலர் படையினரும் காவலரும் சுட்டு இறந்தவர்கள் என்பதை வீட்டில் எவரும் சொல்லவில்லை. கேட்டோ மேனரில் இந்தியர் சிலருக்கு நிலம் இருந்தது. ஆப்பிரிக்கர் அந்நிலத்தில் வாடகைக்குக் குடிசை போட்டிருந்தனர். பேருந்தும் கடையும் பெரும்பாலும் இந்தியர் கையில். ஆப்பிரிக்கர் நகரில் நிலம் வாங்கவோ கடை வைக்கவோ முடியாதபடி தடுத்த அரசு இருவருக்கும் மேலே, கண்ணில் படாத உயரத்தில் இருந்தது. கலவரத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 1947 மார்ச்சில், நட்டால், டிரான்ஸ்வால் இந்தியக் காங்கிரஸ்களின் தலைவர்களான டாக்டர் நாயக்கரும் டாக்டர் தாதுவும், ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸின் தலைவர் டாக்டர் ஏ. பி. சூமாவும் கூட்டு உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டிருந்தனர். தலைவர்களிடையே இருந்த அந்த நட்பு வாடகைக் குடிசைக்கும் பேருந்து வரிசைக்கும் வந்து சேர்ந்திருக்கவில்லை.

அதன் பின் நடந்ததை எண்ணும்போதெல்லாம் எங்களுக்கு மனம் கனக்கிறது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப்பகுதிச் சட்டத்தின் பெயரால் அதே கேட்டோ மேனரிலிருந்து இரு தரப்பாரையும் அரசு கிளப்பியது. ஆப்பிரிக்கர் குவாமாஷுவுக்கும், இந்தியர் பெரும்பாலும் சாட்ஸ்வொர்த்துக்கும் அனுப்பப்பட்டனர். கோயில்கள் மட்டும் அங்கேயே நின்றன. பெல்லேர் சாலையிலுள்ள அம்பலவாணர் ஆலயம் அவற்றுள் ஒன்று. வீடு இழந்த கதையைச் சொல்லாத தமிழ்க் குடும்பம் டர்பனில் அரிது. அதே குன்றிலிருந்து, அதே சட்டத்தால், அதே காலத்தில் துரத்தப்பட்ட சூலு குடும்பங்களின் கதையோடு அது ஒருமுறையேனும் ஒரே மண்டபத்தில் சொல்லப்பட்டிருக்கிறதா என்று தேடினோம். எங்கள் தேடலில் அப்படி ஒன்று அகப்படவில்லை.

இனி 2021ஆம் ஆண்டைப் பற்றி. இதை எழுதாமல் இம்மடலை முடித்திருந்தால் உங்களுள் சிலர் மகிழ்ந்திருக்கக்கூடும். ஜூலை 7 இரவு முன்னாள் அதிபர் ஜேக்கப் சூமா சிறை புகுந்ததைத் தொடர்ந்து நம் மாகாணத்திலும் கௌடெங்கிலும் வெடித்த கலவரத்தில் 350க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்தியர் மிகுதியாக வாழும் ஃபீனிக்ஸ் நகர்ப்பகுதியில் மட்டும் 36 பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர். கடைகள் சூறையாடப்பட்டன, காவல்துறை வரவில்லை, ரொட்டிக்கும் மருந்துக்கும் வழியின்றி மக்கள் தெருமுனைகளில் தடுப்பு அமைத்து இரவெல்லாம் விழித்திருந்தனர் என்பதெல்லாம் உண்மை. அத்தடுப்புகள் சிலவற்றில் நிறத்தைப் பார்த்து மனிதர்கள் நிறுத்தப்பட்டார்கள், தாக்கப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள் என்பதும் உண்மை. முதல் உண்மையைச் சொல்லி இரண்டாவதை மூடுவதும், இரண்டாவதைச் சொல்லி ஓர் ஊரையே கொலைகாரர் என்று தூற்றுவதும் அந்த நாட்களில் தாராளமாக நடந்தன. மனித உரிமை ஆணையம் விசாரணை நடத்தி 2024 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. அதை வாசித்துப் பேசுவதற்கென்று ஒரு தமிழ் அமைப்பேனும் கூட்டம் கூட்டியதாக நாங்கள் கேள்விப்படவில்லை.

எங்களுள் இருவருடைய ஆய்வேடுகள் இந்த நிகழ்வின் பின்விளைவுகளைப் பற்றியவை. எங்கள் துறையில் நூலகத்தில் அமர்ந்து எழுதி முடிப்பது போதாது. ஒரு சிக்கலை ஆராய்ந்து, அதைத் தணிக்கச் சிறு முயற்சி ஒன்றைச் செய்து, அது பயன்பட்டதா இல்லையா என்று மதிப்பிட்டு எழுத வேண்டும். செயலாய்வு என்பார்கள். ஃபீனிக்ஸிலிருந்தும், காந்தியடிகளின் பழைய குடியிருப்பு இருக்கும் பாம்பாயியிலிருந்தும் பெண்களை அழைத்து வட்டமாக உட்கார்ந்து ஒருவர் பேச மற்றவர் கேட்கும் கூட்டங்களை நடத்தினோம். 1985 ஆகஸ்டில் இனாண்டா கலவரத்தின்போது அக்குடியிருப்பு எரிந்ததையும் அங்கிருந்த இந்தியக் குடும்பங்கள் வெளியேறியதையும் நேரில் கண்டவர்கள் இரு பக்கமும் இருந்தனர்.

அந்தக் கூட்டங்களுக்கு முன்பு நாங்கள் கடந்த படிகளை உங்களுக்குச் சொல்வது நல்லது; ஏனெனில் சும்மா உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு பட்டமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆய்வு நெறிக் குழுவின் அனுமதி கிடைக்கவே பல மாதங்கள் ஆயின. ஒப்புதல் படிவம் ஆங்கிலத்திலும் சூலு மொழியிலும் இருக்க வேண்டும். பேசும்போது எவரேனும் நிலைகுலைந்தால் உடனே பார்க்க மனநல ஆலோசகர் ஒருவர் தயாராக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் விட, வழக்குகள் நிலுவையில் இருந்ததால், நீங்கள் நேரில் கண்ட குற்றத்தை இங்கே விவரித்தால் நீதிமன்றம் எங்களைக் கேட்கக்கூடும், அப்போது எங்களால் உங்களைக் காப்பாற்ற முடியாது என்று ஒவ்வொருவரிடமும் முதலிலேயே சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன பிறகும் வந்து உட்கார்ந்தவர்களின் துணிவை நாங்கள் மறக்கமாட்டோம். கேள்வி கேட்பதைக் காட்டிலும் வாயை மூடிக்கொண்டிருப்பதற்கே கூடுதல் பயிற்சி தேவைப்பட்டது. பிறர் சொல்வதை மறுக்கத் துடிக்கும் தமிழ் நாக்கை அடக்குவது எளிதன்று.

2021 ஜூலைக் கலவரத்திலிருந்து தொடங்கும் என்று நாங்கள் எதிர்பார்த்த பேச்சு அங்கிருந்து தொடங்கவில்லை. பாம்பாயியிலிருந்து வந்த மூதாட்டி ஒருவர், தாம் வேலை செய்த வீட்டுப் பிள்ளைகள் தெருவில் போகும் எந்த இந்தியப் பெரியவரையும் மாமா, அத்தை என்று அழைப்பதையும், பாட்டி வயதுடைய தம்மை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையும் முதலில் சொன்னார். அந்த வீட்டார் கெட்டவர்கள் அல்லர், தமக்குத் துணியும் சாப்பாடும் தந்தவர்கள் என்றும் அவரே சொன்னார். அதன்பின் ஃபீனிக்ஸிலிருந்து வந்த தமிழ்ப் பெண் ஒருவர், கடை எரிந்த புகை வீட்டுக்குள் வந்த இரவில் பிள்ளைகளைக் கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்ததைச் சொன்னார். எவரும் எவரையும் அன்று மன்னிக்கவில்லை, கட்டித் தழுவிக்கொள்ளவும் இல்லை. ஆனால் அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் வந்தார்கள். எங்கள் மதிப்பீட்டில் அதையே பெரும் விளைவாகப் பதிவுசெய்தோம். தேர்வாளர் ஒருவர் அதைச் சிறு விளைவு என்று எழுதினார். அவருடைய கருத்தை நாங்கள் ஏற்கவில்லை.

வகுப்பறைக்கு வெளியே நாங்கள் பெற்றவற்றில் ஒன்றையாவது சொல்ல வேண்டும். எங்களோடு படித்தவர்களில் சிம்பாப்வே, காங்கோ, புருண்டி, நைஜீரியா நாட்டவர் பலர். 2015இல் டர்பனில் வெளிநாட்டவர் தாக்கப்பட்டபோது சாட்ஸ்வொர்த்திலும் இசிப்பிங்கோவிலும் தற்காலிக முகாம்கள் அமைக்கப்பட்டதை உணவு கொடுக்கச் சென்றவர்களாக நாங்கள் அறிந்திருந்தோம். உணவு வாங்கியவராக அறிந்திருந்த ஒருவர் எங்கள் வகுப்பிலேயே இருந்தார். அன்னதானம் செய்தவருக்கும் பெற்றவருக்கும் இடையே அதற்கு முன் ஒரு பேச்சும் நடந்திருக்கவில்லை.

படிப்பில் குறைகளும் இருந்தன. அவற்றை மறைத்துவிட்டு உங்களிடம் ஆதரவு கேட்பது முறையாகாது. முதல் ஆண்டில் ஐரோப்பிய, அமெரிக்க நூல்களே மிகுதியாக இருந்தன. அரசியல் வன்முறையைத் தணிக்க 1991 செப்டம்பரில் கையெழுத்தான தேசிய அமைதி ஒப்பந்தத்தின் கீழ் நம் மாகாணமெங்கும் இயங்கிய உள்ளூர் அமைதிக் குழுக்களைப் பற்றி, அவற்றில் பங்கேற்றவர்கள் இன்னும் நம்மிடையே வாழும்போது, ஒரு வாரம் மட்டுமே பாடம் நடந்தது. சூலு மொழி கட்டாயமில்லை என்பது எங்கள் பார்வையில் மிகப் பெரிய குறை. மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துக்கொண்டு நடத்தும் உரையாடலில் பாதி உயிர் போய்விடுகிறது. வழிகாட்டிகளுக்கு மாணவர் எண்ணிக்கை அதிகம் என்பதால் ஆய்வேட்டு அத்தியாயங்கள் நெடுநாள் காத்துக் கிடந்தன. இவற்றைப் பல்கலைக்கழகத்துக்கு வேறாக எழுதியிருக்கிறோம்.

உங்களிடம் கேட்பது வேறு. இந்த வேலைக்குத் தேவையானவற்றில் பல்கலைக்கழகத்திடம் இல்லாதவை உங்களிடம் இருக்கின்றன. மண்டபங்கள் உங்களுடையவை. 1949ஐயும் கேட்டோ மேனர் வெளியேற்றத்தையும் கண்ட மூத்தோர் உங்கள் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் அவர்கள் எண்ணிக்கை குறைந்துவருகிறது. ஒரு பல்கலைக்கழக மாணவர் கதவைத் தட்டினால் திறக்காத வீடு, கோயில் செயலாளர் தொலைபேசியில் சொன்னால் திறக்கிறது. ஆடி மாதத்தில் கூழ் வார்க்கும் நாளிலும் தைப்பூசக் காவடியன்றும் உங்கள் வளாகத்துக்குள் வராத தமிழ்க் குடும்பம் இல்லை.

ஆகவே, உதவித்தொகைப் பட்டியலில் அமைதிக் கல்வியையும் சேர்க்குமாறு கேட்கிறோம். அதைப் பெறுபவர் சூலு மொழி கற்க வேண்டும் என்ற நிபந்தனையையும் நீங்கள் விதிக்கலாம், நாங்கள் வரவேற்போம். கேட்டோ மேனர் நினைவுகளைப் பதிவுசெய்யும் பணிக்கு மண்டபமும் பழைய பதிவேடுகளைப் பார்க்கும் அனுமதியும் தர வேண்டும். குவாமாஷுவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களையும் அதே மண்டபத்துக்கு அழைத்துப் பதிவுசெய்வதாக இருந்தால் மட்டுமே நாங்கள் அப்பணியை ஏற்போம். மனித உரிமை ஆணையத்தின் அறிக்கையை வாசிக்க ஒரு நாளை ஒதுக்க வேண்டும். அக்டோபர் 2 உலக அகிம்சை நாள் என்று ஐக்கிய நாடுகள் அவை 2007இல் அறிவித்ததிலிருந்து அன்று மாலை அணிவிப்பும் உரையும் நடத்திவருகிறீர்கள்; அந்த நாளையே இதற்கு எடுத்துக்கொள்ளலாம்.

கோயிலுக்குள் அரசியல் வேண்டாம் என்று ஒரு நிர்வாகக் குழுவில் எங்களிடம் சொன்னார்கள். அச்சத்தை நாங்கள் புரிந்துகொள்கிறோம். கட்சிக்காரர்கள் வந்து மேடையைப் பிடித்துக்கொள்வார்கள் என்ற கவலை பொய்யன்று. ஆனால் இந்தியரின் நில உரிமையைக் கட்டுப்படுத்திய சட்டத்தை எதிர்த்து 1946இல் டர்பனின் அம்பிலோ சாலை முனையில் கூடாரமிட்டுச் சிறை சென்றவர்களின் பெயர்களை நீங்கள் பெருமையுடன் வாசிக்கிறீர்கள், அதுவும் அரசியல்தான். கட்சிக் கொடி, கட்சிப் பேச்சாளர், செய்தியாளர் ஆகிய மூன்றையும் இக்கூட்டங்களுக்கு வெளியே நிறுத்த எழுத்து மூலம் உறுதி தருகிறோம். நாங்கள் நடத்திய கூட்டங்களிலும் அப்படித்தான் செய்தோம்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருள்நிரலில் இவ்வேண்டுகோள்களைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். விளக்கம் தேவையென்றால் வருவோம். எங்களோடு படித்த சூலு பட்டதாரிகளும் உடன் வருவார்கள். அவர்களை விட்டுவிட்டு எங்களை மட்டும் அழைக்கும் கூட்டத்துக்கு வர இயலாது என்பதையும் இப்போதே தெரிவித்துக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
அமைதிக் கல்விப் பட்டதாரிகள் சிலர்
டர்பன், குவாசூலு-நட்டால்